அம்மாவைப் பாக்கிற ஆளுக்கு யாழ்ப்பாணத்திலை உதவி, விளக்கம் எங்கை கேக்கலாம்?

சுன்னாகத்துப்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம், நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி எழுதிறது குறைவு. கேள்வி இதுதான், வீட்டிலை வயசான ஆளை வைச்சுப் பாக்கிற ஆக்களுக்கு எண்டு எங்கடை பக்கத்திலை ஏதும் இருக்கோ? வருத்தக்காரருக்கு ஆஸ்பத்திரி இருக்கு, கிளினிக் இருக்கு, அது தெரியும். நான் கேக்கிறது பாக்கிற ஆளுக்கு.

அம்மாவுக்கு 78. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் வடிவா ஏலாது, பிடிச்சு நடத்தினா கதிரையில இருந்து ரொயிலற் மட்டும் நடப்பா. அதைக்கூட சமாளிச்சிடுவன். இப்ப கொஞ்ச மாதமா மறதி கூடிட்டுது. பின்னேரம் லைற் போடுற நேரம் ஆனா காணும் "வீட்டை போவம் வா, அம்மா தேடப்போறா" எண்டு வெளிக்கிடுறா. இருக்கிறது அவவின்ரை சீதன வீடு, இதை விட்டா வேற வீடே இல்லை அவவுக்கு. இரவு ரண்டு மூண்டு தரம் எழும்பிறா. சனம் வந்து பாத்திட்டு "அறளை பேந்திட்டுது, உதுக்கு ஒண்டும் செய்யேலாது" எண்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகினம்.

அண்ணா சுவிஸ், அக்கா கனடா. காசு அனுப்புகினம், அதிலை குறை சொல்ல மாட்டன், ஆனா ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோல்ல பாத்திட்டு "அம்மா மெலிஞ்சு போனா, என்ன குடுக்கிறாய்" எண்டு கேக்கேக்கை போனைத் தூக்கி கிணத்துக்கை போடலாம் போல கிடக்கும். நான் வீட்டிலை ரியூசன் குடுத்துக்கொண்டிருந்தன், அதையும் நிப்பாட்டியாச்சு. கலியாணவீடு செத்தவீடு ஒண்டுக்கும் இல்லை. இந்தமுறை நல்லூர்த் தேரும் ரீவியிலை தான்.

எப்பிடிப் பாக்கோணும், என்ன குடுக்கலாம் எண்டு தமிழிலை ஆரும் சொல்லித்தருவினமோ, கிழமையிலை ரண்டு மூண்டு மணித்தியாலம் ஆரும் வந்து நிண்டா நான் ஒருக்கா வெளியில போட்டு வரலாம் அதுக்கு ஆள் பிடிக்கிறது எப்பிடி, அரசாங்கத்தாலை ஏதும் இருக்கோ. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ ப்ளீஸ்.

---

பழையபூங்கா:

தங்கச்சி குறை நினைக்காதேங்கோ. எங்கடை அப்பாச்சியை எங்கடை அம்மா தான் பாத்தவ, ஒன்பது வருசம் பாயிலை. அப்ப சப்போட்டும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. பெத்த தாயைப் பாக்கிறதுக்கு உதவி தேடிற காலமாப் போச்சு. எல்லாம் வெளிநாட்டுக் காசு வந்த பிறகு வந்த பழக்கம்.

---

கற்கோவளம்:

பழையபூங்கா அண்ணை, உங்கடை அம்மா பாத்தவ சரி. அப்ப அந்த வளவுக்கை எத்தினை பேர் இருந்தவை? சித்தி ஒரு வீடு, மாமி வேலிக்கு அங்காலை, பொட்டுக்குள்ளால பூந்து வந்து ஒரு ஆள் குளிப்பாட்ட ஒரு ஆள் சமைக்க இன்னொரு ஆள் பிள்ளையளைப் பாக்க. இப்ப வேலியும் இல்லை மதில், மதிலுக்கு அங்காலை வீடு பூட்டிக் கிடக்கு சொந்தக்காரர் லண்டன். அந்த எட்டுப் பேற்றை வேலையை இந்தப் பிள்ளை தனிய செய்யுது. அந்தக் காலத்திலை உதவி இல்லை எண்டு சொல்லாதேங்கோ, உதவிக்கு பேர் வைக்கேல்லை அவ்வளவுதான்.

தங்கச்சி, நான் அப்பாவைப் பாத்தனான், பருத்தித்துறைப் பக்கம். ஒரு இடத்திலை எல்லாம் கிடைக்கும் எண்டு தேடினீங்களெண்டா களைச்சுப் போவீங்கள், அப்பிடி ஒரு கதவு இல்லை. துண்டு துண்டா அங்கை கொஞ்சம் இங்கை கொஞ்சம் கிடக்கு, பொறுக்கி எடுக்கோணும்.

முதல்லை போக வேண்டிய இடம் உங்கடை பிரதேச செயலகம். சுன்னாகம் எண்டா உடுவில். அங்கை முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் எண்டு ஒருத்தர் இருப்பார், கனபேருக்கு இப்பிடி ஒரு ஆள் இருக்கிறதே தெரியாது, சமூகசேவை உத்தியோகத்தரைத் தெரியும் இவரைத் தெரியாது. அவரிட்டை 60 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கான முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். அட்டையால பெரிய புதையல் ஒண்டும் கிடைக்காது, வரிசையிலை முன்னுக்கு விடுவினம், அவ்வளவு. ஆனா அட்டைக்குப் போற சாட்டிலை அவரோட இருந்து கதையுங்கோ, அது தான் விசயம். உங்கடை பகுதியில முதியோர் சங்கம் நடக்குதோ, பகல் நேரத்திலை ஆக்களை வைச்சிருக்கிற நிலையம் கிட்ட இருக்கோ, சக்கர நாற்காலி, கொமோட் கதிரை, வோக்கர் ஆரும் குடுக்கினமோ எண்டு அவருக்குத் தெரியும். இந்தச் சாமான் எல்லாம் ஆரோ வெளிநாட்டுக்காரர் தாய் தேப்பன்ரை நினைவா குடுக்கிறது, நோட்டீஸ் ஒட்டமாட்டினம், கேட்ட ஆளுக்குத் தான் போகும்.

நடக்கிற உதவிச் சாமானுக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்திலையும் கேளுங்கோ. சனம் அது கால் போன ஆக்களுக்கு எண்டு தான் நினைக்குது, 1987 இல இருந்து இருக்கிற இடம், செயற்கைக் கால் மட்டுமில்லை வீல்செயர், பிசியோ எண்டும் பாக்கிறவை.

---

கச்சேரியடி:

கற்கோவளம் சொன்னது சரி. நான் பென்சன்காரன், வேலை செய்த காலத்திலை கண்டதை வைச்சு காசு, கடுதாசிப் பக்கத்தைச் சொல்லுறன் ஏனெண்டா எல்லாரும் அதைக் கடைசியா தான் யோசிப்பினம்.

அம்மா பென்சன் எடுக்கிறாவோ, அல்லது அப்பாவின்ரை பென்சன் வருதோ? வந்தா வருசா வருசம் உயிர்வாழ் சான்றிதழ் குடுக்கோணும். அதைத் தவறவிட்டா காசு நிக்கும், பேந்து திருப்பி எடுக்க அலையோணும். ஆளைக் கூட்டிக்கொண்டு போகேலாது எண்டா கிராம சேவகரிட்டை (ஜீ.எஸ்.) முன்கூட்டியே சொல்லுங்கோ, படுக்கையில இருக்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு வா எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

வருமானம் குறைஞ்ச குடும்பம் எண்டா 70 வயசுக்கு மேற்பட்டவைக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கு, 2025 வரவு செலவுத் திட்டத்திலை 3000 ஐ 5000 ஆக்கினவை. உங்களுக்கு சரிவருமோ எண்டது வீட்டு நிலைமையைப் பொறுத்தது. சும்மா "எங்களுக்குத் தரமாட்டாங்கள்" எண்டு வீட்டிலை இருக்காம ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, இல்லையெண்டா இல்லை எண்டு சொல்லட்டும்.

இனி முக்கியமான விசயம், இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ. அம்மாவின்ரை பேரிலை வங்கிக் கணக்கு, காணி உறுதி இருக்கும். மறதி இப்பத் தான் தொடங்குது எண்டு சொல்லுறீங்கள். அற்றோணித் தத்துவம் (அவவுக்காக வேற ஒரு ஆள் அலுவல் பாக்க எழுதிக் குடுக்கிற பத்திரம்) எழுதிறது எண்டா அவவுக்கு என்ன எழுதினம் எண்டு விளங்கிக் கையெழுத்து வைக்கிற தெளிவு இருக்கேக்கை தான் எழுதலாம். எழுதின பிறகும், பேந்து அவவுக்குப் புத்தி தெளிவில்லாமப் போனா அந்தத் தத்துவம் நிண்டு பிடிக்காது, எங்கடை நாட்டுச் சட்டம் அப்பிடி. இங்கிலாந்து மாதிரி மறதி வந்த பிறகும் செல்லுபடியாகிற பத்திரம் எங்களிட்டை இல்லை. அதுக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்திலை மனுப் போட்டு ஆதனத்தைப் பாக்க ஒரு ஆளை நியமிக்கச் சொல்லிக் கேக்க வேண்டி வரும். ஆகவே மாதாமாதம் மருந்துக்கு, சாப்பாட்டுக்கு எடுக்கிற கணக்கையாவது இப்பவே சேர்ந்த கணக்கா மாத்த ஏலுமோ எண்டு அம்மாவையும் வைச்சுக்கொண்டு வங்கியில கேளுங்கோ, அண்ணனுக்கும் அக்காவுக்கும் தெரியத்தக்கதா. ஒளிச்சு செய்தீங்களெண்டா நாளைக்கு காணிக் கதை வரேக்கை "அவள் தனக்கு எழுதி எடுத்திட்டாள்" எண்டு கதை வரும், நான் எத்தினை குடும்பத்திலை கண்டனான். லோயருக்கு காசில்லை எண்டா சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலையும் இருக்கு.

2000 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, தன்னைத் தானே பாக்கேலாத தாய் தகப்பன் பிள்ளையளிட்டை பராமரிப்புக் கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கடை வீட்டுக்கு அது தேவையில்லை, காசு வருது எண்டு சொல்லுறீங்கள். வாசிக்கிற வேற ஆருக்கும் தேவைப்படலாம் எண்டு எழுதிறன்.

---

இரவுடியூட்டி:

நேர்ஸா வேலை செய்யிறன், எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ. டியூட்டி முடிச்சு வந்து எழுதிறன் பிழை இருந்தா மன்னிக்கோணும்.

அக்கா முதல்லை மறதி. "அறளை" எண்டு சனம் சொல்லுறதோட விட்டிடாதேங்கோ. மறதி மாதிரி இருக்கிறது எல்லாம் மாறாத வருத்தம் இல்லை. தைரொயிட் குறைஞ்சாலும், பி12 குறைஞ்சாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி மாதிரியே இருக்கும், அதுக்கு மருந்து இருக்கு. ஒருக்கா வடிவா செக் பண்ணுவியுங்கோ. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலையும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலையும் மனநலப் பிரிவு இருக்கு, சுன்னாகத்திலை இருந்து உங்களுக்கு தெல்லிப்பழை கிட்ட. மனநலம் எண்ட பேரைப் பாத்து பயந்து சனம் போறேல்லை, விசர் எண்டு ஊர் சொல்லும் எண்டு. வயசான ஆக்களின்ரை மறதி, நித்திரை, வெளிக்கிட்டுப் போறது எல்லாம் அவை பாக்கிற விசயம் தான், பாக்கிற ஆக்களோடையும் இருந்து கதைப்பினம்.

இன்னொரு விசயம், மறதி பொதுவா மெல்ல மெல்லத் தான் கூடும். நேற்று வரைக்கும் ஒரு மாதிரி இருந்தவ இண்டைக்கு திடீரெண்டு ஆளையே தெரியாமக் கதைக்கிறா, இல்லாத ஆக்களைக் காணுறா, அல்லது பகல் முழுக்க அயர்ந்து கிடக்கிறா எண்டா அது மறதி கூடினது எண்டு விட்டிடாதேங்கோ, உள்ளுக்கை வேற ஏதோ நடக்கலாம். கனபேருக்கு சலத்திலை கிருமி, இல்லையெண்டா தண்ணி காணாது, மலச்சிக்கல், நெஞ்சுச் சளி, புதுசா தொடங்கின குளிசை. வயசான ஆக்களுக்கு சிலவேளை காய்ச்சல் கூட காயாது, குழப்பம் தான் முதல்லை வரும். அண்டைக்கே டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

பின்னேரம் வெளிக்கிடுறது இந்த வருத்தத்திலை வழமையா வாற ஒண்டு. "இதுதானே அம்மா உங்கடை வீடு" எண்டு வாதாடி வெல்ல மாட்டீங்கள், அவ தேடுறது சின்ன வயசிலை இருந்த வீடு. "சரி போவம், தேத்தண்ணியைக் குடிச்சிட்டு போவம்" எண்டு கூட்டிக்கொண்டு முத்தத்தைச் சுத்தி வாங்கோ, கொஞ்சத்திலை மறந்திடுவா. வெளிச்சத்தை இருளுறதுக்கு முதலே போடுங்கோ. படலைக்கு அவவின்ரை கண்ணுக்குப் படாத இடத்திலை ஒரு கொளுக்கி. போன் நம்பர் எழுதின ஒரு துண்டு சட்டைப் பையிலையோ காப்பிலையோ இருக்கட்டும். பகல் நித்திரையைக் குறைச்சா இரவு நித்திரை கொஞ்சம் கூடும். ஆனா நித்திரைக் குளிசை, தடிமனுக்குக் குடுக்கிற பிரிட்டோன் இதுகளை பாமசியில வாங்கி நீங்களா குடுக்காதேங்கோ, குழப்பமும் கூடும் விழுந்து இடுப்பும் முறியும், இதை நான் வாட்டிலை அடிக்கடி காணுறன்.

நடக்கிறது இன்னும் குறைஞ்சா படுக்கைப் புண் பயம். ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைக்கோணும். கதிரையில இருத்தினாலும் அப்பிடியே விடக்கூடாது, அடிக்கடி ஒருக்கா எழுப்பி இருத்துங்கோ. இடுப்பு, குண்டி, குதிக்கால் சிவந்திருக்கோ எண்டு குளிக்க வாக்கேக்கை பாருங்கோ. சிவந்த இடத்தை உரஞ்சி எண்ணை பூசி தேய்க்கக் கூடாது, எங்கடை ஆக்கள் செய்யிற முதல் வேலையே அதுதான். நடுவிலை ஓட்டை உள்ள காத்து வளையம் வாங்கிக் குடுக்கினம், அதுவும் வேண்டாம், ஓரத்திலை ரத்த ஓட்டத்தை நிப்பாட்டும். காத்து மாறி மாறி வாற எயார் மெத்தை நல்லது. ஆளைத் தூக்கேக்கை அக்குளுக்கை கை குடுத்து இழுக்காதேங்கோ, ஏலாத பக்கத்துத் தோள்மூட்டு கழண்டிடும். பழைய பெட்சீற்றை நாலா மடிச்சு முதுகுக்குக் கீழை குறுக்கா போட்டு ரண்டு பேர் ரண்டு பக்கத்தாலை பிடிச்சா உங்கடை நாரியும் தப்பும்.

திரும்பவும் பாரிசவாதம் வரலாம். வாய் கோணுது, கை விழுது, பேச்சுக் குழறுது எண்டா கை வைத்தியம் ஒண்டும் வேண்டாம், 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ளை போட்டாத் தான், அதுவும் எல்லாருக்கும் போடேலாது, எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு பாத்து வைச்சிருங்கோ முதல் கேள்வி அதுதான் கேப்பினம்.

---

சுன்னாகத்துப்பிள்ளை:

இரவுடியூட்டி தங்கச்சி, இவ்வளவையும் ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. ஒரு கேள்வி. அம்மா கஞ்சி, பிட்டு எல்லாம் சாப்பிடுறா ஆனா தண்ணியும் தேத்தண்ணியும் குடிக்கேக்கை தான் இருமுறா. அது ஏன்? அதாலை தண்ணி குடுக்கவே பயமா இருக்கு.

கச்சேரியடி ஐயா, அப்பாவின்ரை பென்சன் தான் வருது. சான்றிதழ் நான் குடுத்துக்கொண்டு வாறன். சேர்ந்த கணக்கு விசயம் யோசிக்கவே இல்லை, அண்ணாவோட கதைக்கிறன்.

---

ஸ்காபரோக்காரன்:

நான் மற்றப் பக்கத்து ஆள். அம்மா இணுவிலிலை, தங்கச்சி பாக்கிறாள், நான் இங்க. அக்கா உங்கடை அண்ணாவும் அக்காவும் கெட்ட ஆக்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிசம் வீடியோவிலை பாக்கிற ஆளுக்கு மெலிஞ்சது மட்டும் தான் தெரியும், இரவு மூண்டு தரம் எழும்பினது தெரியாது. நீங்கள் சொல்லாட்டி தெரியவே வராது. "கஸ்டமா இருக்கு" எண்டு சொன்னா நாங்கள் உடனே "இன்னும் கொஞ்சம் காசு போடுறன்" எண்டுவம், எங்களுக்குத் தெரிஞ்ச மருந்து அது ஒண்டு தான். அதாலை பொதுவாச் சொல்லாதேங்கோ, வேலையாச் சொல்லுங்கோ. "ஒவ்வொரு மாதமும் பம்பஸ் சாமான் கடையோட கதைச்சு வீட்டை இறக்கிறது உன்ரை பொறுப்பு", "காலமை வாற ஆளின்ரை சம்பளமும் அவ வராட்டி மாற்று ஆள் பிடிக்கிறதும் உன்ரை பொறுப்பு". இங்க இருந்தே போனிலை செய்யலாம் இதெல்லாம். என்ரை தங்கச்சி இப்பிடிப் பிரிச்சுத் தந்த பிறகு தான் வீட்டிலை சண்டை குறைஞ்சது.

லீவிலை வாற ஆக்களுக்கும் சொல்லுறன் (உங்கடை அண்ணாக்கு இதைக் காட்டுங்கோ). நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு வந்து, 25 நாளும் கோயில், கலியாணவீடு, கசூரினா பீச் எண்டு சுத்திப்போட்டு பிளேன் ஏறக்கூடாது. வந்தா தாயின்ரை அறையிலை படுக்கோணும், பாக்கிற ஆளை அனுப்பிவிடோணும், அவள் தேருக்குப் போகட்டும் இல்லாட்டி சும்மா ஒரு இடத்திலை போய் நித்திரை கொள்ளட்டும். ஒரு கிழமை இரவு எழும்பிப் பாத்தா பேந்து ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி தானா மாறும்.

வாசிக்கிறதுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின்ரை ஐசப்போட் (iSupport) எண்டு ஒரு புத்தகம் நெற்றிலை இலவசமா இருக்கு, மறதி வருத்தக்காரரை வீட்டிலை பாக்கிற ஆக்களுக்கு எண்டே எழுதினது. குளிப்பாட்டிறது, சாப்பாடு, கோவப்படேக்கை என்ன செய்யிறது எண்டதோட பாக்கிற ஆள் தன்னைப் பாத்துக்கொள்ளுறதுக்கும் ஒரு பகுதி. நான் இங்கிலீசிலை வாசிச்சு தங்கச்சிக்கு வொய்ஸ் மெசேஜ் போடுறனான். இதுவும் வெளிநாட்டிலை இருக்கிற ஒரு ஆள் செய்யக்கூடிய வேலை.

ஒரு எச்சரிக்கை. யூரியூப்பிலை தமிழிலை தேடினா தமிழ்நாட்டு வீடியோ தான் கூட வரும். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, பெட்சீற் மாத்திறது எல்லாம் பாக்க நல்லாத் தான் இருக்கு. ஆனா அதிலை சொல்லுற நம்பர், 14567 எண்டு முதியோர் லைன் ஒண்டு சொல்லுவினம், அது இந்தியாவுக்கு, இலங்கையில அடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. அங்கத்தைத் திட்டங்களும் எங்களுக்கு இல்லை.

---

கற்கோவளம்:

ஸ்காபரோத் தம்பி, உம்மை மாதிரி ஒரு தம்பி எனக்கு இருந்திருந்தா நான் இப்ப நாரி நோவுக்கு கிளினிக் போகத் தேவையில்லை.

தங்கச்சி ஆள் பிடிக்கிறதைப் பற்றிக் கேட்டனீங்கள். ரண்டு வழி. ஒண்டு ஊருக்குள்ளை தெரிஞ்ச பொம்பிளை ஆரையும் மணித்தியாலக் கணக்குக்கு கேக்கிறது. மற்றது ஆள் அனுப்பிற ஏஜென்சி. நான் ஒரு ஏஜென்சியிட்டை எடுத்தனான், பேர் வேண்டாம், பயிற்சி எடுத்த ஆள் எண்டு சொல்லி அனுப்பினவை, அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆளைக் கட்டிலிலை இருந்து கதிரைக்கு மாத்தத் தெரியாது, போனும் கையுமா இருந்திட்டுப் போட்டுது. அதுக்குப் பிறகு ஆர் வந்தாலும் முதல் நாள் என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒருக்கா எழுப்பி இருத்திக் காட்டச் சொல்லுவன். பராமரிப்பாளர் வேலைக்கு என்விகியூ (NVQ) எண்டு அரசாங்கத் தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கு, அது இருந்தா காட்டச் சொல்லுங்கோ, கனபேர் அதை எடுத்தவுடனை வெளிநாடு போயிடுவினம் அது வேற கதை. ஐடென்ரி காட் கொப்பி வாங்குங்கோ. அவ வராத நாள் ஆர் வருவினம் எண்டு முதலே கேளுங்கோ. நகை, காசை அறையை விட்டு எடுத்து வையுங்கோ, அது அவவுக்கும் நல்லது, பேந்து ஏதும் காணேல்லை எண்டா பாவம் அவவிலை தான் பழி விழும்.

என்னைக் கேட்டா உங்களுக்கு இப்ப முழுநேர ஆள் தேவையில்லை. கிழமைக்கு ரண்டு பின்னேரம் ஆள் கிடைச்சா அதிலை தொடங்குங்கோ, அந்தப் பின்னேரத்திலை ரியூசனைத் திரும்பத் தொடங்குங்கோ. கடைக்குப் போறதுக்கும் பில் கட்டுறதுக்கும் அந்த நேரத்தைச் செலவழிச்சுப் போடாதேங்கோ.

---

பழையபூங்கா:

நான் சொன்னது எல்லாருக்கும் கோவம் போல. கைதடியிலை அரச முதியோர் இல்லம் இருக்கு தானே, ஒண்டும் ஏலாட்டி அதையும் யோசிக்கலாம் எண்டு சொல்ல வந்தனான்.

---

கச்சேரியடி:

கைதடி இல்லம் பாக்க ஆளில்லாத ஆக்களுக்கு. மகள் வீட்டிலை இருந்து பாக்கிற தாயை அங்கை விடுறது எண்டது அண்ணை, ஆள் இல்லாத ஒரு கிழவியின்ரை கட்டிலை எடுக்கிறது. காசு கட்டி விடுற தனியார் இல்லங்கள் இருக்கு, சிலது கொஞ்ச நாளைக்கு மட்டும் எண்டாலும் எடுக்கும், பாக்கிற ஆளுக்கு ஒரு ஒப்பரேசன் எண்டு வந்தா அப்பிடி வைக்கலாம். போய்ப் பாக்கிறதெண்டா பகலிலை அவை காட்டுற நேரத்திலை போகாதேங்கோ, பொழுதுபட்ட பிறகு சொல்லாமப் போய் இரவுக்கு எத்தினை பேர் நிக்கினம் எண்டு பாருங்கோ.

---

கொக்குவில்_ரயில்கடவை:

ஒருத்தரும் பாக்கிற பிள்ளையின்ரை மனசைப் பற்றிச் சொல்லேல்லை அதாலை எழுதிறன். நான் மாமியைப் பாத்தனான், சொந்தத் தாயில்லை, அதாலை புறுபுறுக்கவும் உரிமை இல்லை, பாராட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்திலை சாந்திகம் இருக்கு, உளவளத்துணை குடுக்கிற இடம், போர்க் காலத்திலை இருந்தே இருக்கிறது. பெரிய பிரச்சினை இருந்தாத் தான் போகோணும் எண்டில்லை, இப்பிடி வீட்டிலை தனிய நிண்டு களைச்ச ஆளும் போய்க் கதைக்கலாம். வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாது எண்டா 1926 தேசிய மனநல நிறுவனத்தின்ரை லைன், 1333 எண்டு வேற ஒரு உளவளத்துணை லைனும் இருக்கு, தமிழிலை கதைக்கலாம். இரவு ரண்டு மணிக்கு அம்மா படலையடியில நிக்கேக்கை உங்களுக்கு அழுகை வந்தா அதுக்குத் தான் அந்த நம்பர்.

கொழும்பிலை லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேசன் இருக்கு, மறதி வருத்தத்துக்கு எண்டே, பாக்கிற குடும்பத்து ஆக்களுக்கும் ஆலோசனை குடுப்பினம். தூரம் தான், ஆனா போன் எடுத்துக் கேக்கலாமே. ஹெல்ப்பேஜ் ஸ்ரீலங்காவும் கொழும்பிலை தான், 1986 இல தொடங்கினது, வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி செய்யிறவை, வடக்குக்கு எப்ப வருவினம் எண்டு கேட்டு வையுங்கோ.

அதோட இந்தத் திரியிலையே பாருங்கோ, சுன்னாகம், இணுவில், கொக்குவில் எல்லாம் ஓட்டோவிலை போற தூரம். ஒரு வைபர் குறூப் போட்டா என்ன? ஒராள் வெளியில போற நேரம் மற்றாள் வந்து ஒரு மணித்தியாலம் நிக்கலாம். ஸ்காபரோத் தம்பியின்ரை தங்கச்சி இணுவில் தானே, அவவுக்கும் சொல்லும்.

---

ஸ்காபரோக்காரன்:

சொல்லிப்போட்டன். "ஆர் எண்டாலும் முதல்லை அம்மாவுக்கு முகம் பழகோணும்" எண்டாள், ஆனா ஓம் எண்டிட்டாள். தனிமடலிலை நம்பர் அனுப்புறன்.

---

சுன்னாகத்துப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. உடுவில் பிரதேச செயலகத்துக்கு முதல்லை போன் பண்ணி அந்த உத்தியோகத்தர் எண்டைக்கு கந்தோரிலை இருப்பார் எண்டு கேட்டிட்டுப் போறன், பக்கத்து வீட்டு அன்ரி அந்த நேரம் அம்மாவோட இருக்கிறன் எண்டவ. குறூப்புக்கு நானும் வாறன்.

தண்ணிக் கேள்விக்கு இன்னும் பதில் வரேல்லை.

---

இரவுடியூட்டி:

சொறி அக்கா, நித்திரை கொண்டிட்டன். பாரிசவாதத்துக்குப் பிறகு தொண்டைத் தசை சுணங்கி வேலை செய்யும், தண்ணி கெதியா ஓடுற சாமான், மூடுறதுக்கு முதல் மூச்சுக்குழாய்க்குள்ளை போகப் பாக்குது அதாலை இருமல். கஞ்சி தடிப்பு, மெல்லப் போகும். பயத்திலை தண்ணியை நிப்பாட்டாதேங்கோ, அது சலத்துக் கிருமிக்கும் குழப்பத்துக்கும் கொண்டுபோய் விடும். நேரா நிமித்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழை பதிக்கச் சொல்லி, கரண்டியாலை ஒரு வாய், விழுங்கினது தெரிஞ்ச பிறகு அடுத்த வாய். படுத்திருக்க வைச்சுப் பருக்கக் கூடாது, ஸ்ரோவும் வேண்டாம். குடிச்ச பிறகு அரை மணித்தியாலம் எண்டாலும் இருக்கட்டும். அடுத்த கிளினிக்குக்கு பொறுக்காம இந்த இருமலைச் சொல்லி ஸ்பீச் தெரபிஸ்ட்டிட்டை அனுப்பச் சொல்லுங்கோ, பேர் பேச்சு எண்டாலும் விழுங்கிறதையும் அவை தான் பாக்கிறவை, எவ்வளவு தடிப்பிலை குடுக்கலாம் எண்டு பாத்துச் சொல்லுவினம். இடையிலை சாப்பிட்ட பிறகு குரல் கரகரத்து ஈரமா கேட்டாலோ, காய்ச்சல், மூச்சு இளைப்பு வந்தாலோ அண்டைக்கே கொண்டு போங்கோ.

பாணை தேத்தண்ணியில தோய்ச்சுக் குடுக்கிறனீங்களோ? அதை நிப்பாட்டுங்கோ, கட்டியும் தண்ணியும் கலந்து வாறது தான் இந்த ஆக்களுக்கு ஆகக் கஸ்டம்.